தங்கச்சி, அந்த நோட்டில் இன்னொரு பட்டியலும் வேண்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆலயப் படிக்கட்டில் என்னை நிறுத்தி உன் நோட்டைத் திறந்து காட்டினாய். இந்த வருஷம் நம் மெதடிஸ்ட் சபையின் கோடை வேலை முழுக்க உன் பொறுப்பு. வி.பி.எஸ் என்கிற பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி ஐந்து நாள், வாலிபர் முகாம் இரண்டு நாள், திறந்தவெளி ஆராதனை ஒரு ஞாயிறு, ஐக்கிய விருந்து, ஆலயத்தைச் சுத்தம் செய்ய ஒரு சனிக்கிழமை என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது, என்ன வாங்கவேண்டும் என்று பச்சை மையில் எழுதியிருந்தாய். "ஏதாவது விட்டுப்போச்சா அக்கா?" என்று கேட்டாய். எனக்கு அப்போது சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதுவும் நான் எத்தனையோ கோடையில் விட்ட அதே ஒன்று. உன்னிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைப் போல முதல் தடவை இந்தப் பொறுப்பை எடுப்பவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் வி.பி.எஸ் பற்றி. நூறு பிள்ளைகள் வரவேண்டும் என்று கமிட்டியில் யாரோ சொன்னது உன் மனசில் உட்கார்ந்துவிட்டது, உன் நோட்டில் அந்த நூறை இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறாய். அதை விடு. உன்னிடம் எட்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் வந்தால் மூன்றாம் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவர்கள் வாயில் தானாக வரும், எந்தப் பிள்ளை அண்ணனைப் பிரிந்தால் அழும், எது பாட்டு நேரத்தில் மட்டும் எழுந்து நிற்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதே எட்டுப் பேரிடம் நூறு பிள்ளைகளை விட்டால் கடைசி நாள்வரை "ஏய், சிவப்புச் சட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புறம் ஒரு அறையில் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் மட்டும் இருக்கும்படி எப்போதும் விடாதே, இரண்டு பேர் இருக்கட்டும், அதுவும் ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாமல். பல மெதடிஸ்ட் சபைகளில் இது எழுதிவைத்த விதி. யார் கூட்டிக்கொண்டு வந்தார்களோ அவர்களே கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகட்டும். இதில் முகதாட்சண்யம் பார்க்காதே.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் வந்தவன், ஏழு வயது இருக்கும், முதல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் அட்டையில் படகு செய்துகொண்டிருந்தபோது அவன் மட்டும் பசையை உள்ளங்கை முழுக்கத் தடவி, காயும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் ஒருவர் பசையை வீணாக்குகிறான் என்று எழுந்தார். அதற்குள் நம் வாலிபர் குழுப் பையன் ஒருவன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் கையிலும் பசையைத் தடவிக்கொண்டான். சின்னவன் உரித்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், கண்ணாடி மாதிரி மெல்லிய தோல், அதில் அவன் ரேகை அத்தனையும் இருந்தது. "என் கை தனியா வந்துருச்சு" என்றான். அதுதான் அவன் நம்மிடம் பேசிய முதல் வார்த்தை. அதற்குப் பிறகு அந்த வாலிபனை விட்டு நகரவே இல்லை, முடிவு நாள் நிகழ்ச்சியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேடை ஏறினான். நாங்கள் போட்டோ எடுத்தோம், சான்றிதழ் கொடுத்தோம், நாற்காலிகளை அடுக்கினோம், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு ஒரு போன்கூட யாரும் பண்ணவில்லை. பதிவுத் தாளில் நம்பர் இருந்தது. அடுத்த வருஷம் அழைப்பு அனுப்புவதற்காக அந்த நம்பரைத் தேடி எடுத்தபோது அது உபயோகத்தில் இல்லை, வீட்டையும் காலி செய்துவிட்டார்கள். ஐந்து நாளில் ஒரு பிள்ளையின் வாயைத் திறக்க முடிந்த சபைக்கு ஆறாம் நாள் என்ன செய்வது என்று தெரியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

மெதடிஸ்ட்காரர்களான நமக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது, ஏனென்றால் நம் வழியில் பிள்ளைகள் வேலை ஆரம்பித்ததே ஆளை அறிந்து செய்வதில்தான். இங்கிலாந்தில் ஹை விகம்ப் ஊரில் ஹன்னா பால் என்ற மெதடிஸ்ட் பெண் 1769-இல் ஞாயிறு பள்ளி தொடங்கினார், ஞாயிறு பள்ளி என்றதும் எல்லோரும் சொல்கிற ராபர்ட் ரெய்க்ஸ் குளோஸ்டரில் தொடங்கியது 1780-இல், இவர் அதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டார். பிள்ளைகள் ஞாயிறும் திங்களும் கூடுகிறார்கள், அடங்காத சின்னக் கூட்டம், ஆனாலும் கற்றுக்கொள்ள மனசு இருக்கிறது என்று ஹன்னா பால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடங்காத கூட்டம் என்று எழுத அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா? அப்புறம் அமெரிக்காவில் 1874 ஆகஸ்ட்டில் ஷட்டாக்வா ஏரிக்கரையில் மெதடிஸ்ட் போதகர் ஜான் ஹெய்ல் வின்சென்ட்டும் லூயிஸ் மில்லரும் சேர்ந்து ஒரு கோடைக் கூடுகை நடத்தினார்கள், அது ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி. கோடையில் முதலில் ஆசிரியர்களை உட்காரவைத்துப் பழக்கினார்கள். உன் நோட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு மாலை நேரம் மட்டும் இருக்கிறது. மூன்று மாலை ஆக்கு. ஒரு மாலை முழுக்கப் பாடம் வேண்டாம், பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது, அழுகிற பிள்ளையை என்ன செய்வது, இதை மட்டும் பேசுங்கள்.

திறந்தவெளி ஆராதனையைப் பற்றிப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆலயம் இருக்கும்போது வெளியே எதற்கு என்பார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாதே. வெஸ்லிக்கே அந்தத் தயக்கம் இருந்தது, ஆலயத்துக்கு வெளியே பிரசங்கம் செய்வதை முறைகேடு என்று நினைத்து வளர்ந்தவர் அவர். அவருடைய நண்பரான போதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு கூப்பிட்டதால் 1739 ஏப்ரல் 2-ஆம் தேதி பிரிஸ்டலில் முதல்முறை வெளியில் நின்று பேசினார், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வெளியில் பேசுவதை நிறுத்தவில்லை. நீ பார்க்கவேண்டியது நிழல்தான். வயதானவர்களின் நாற்காலிகளை நிழலில் போடு, வெயில் நகரும் திசையையும் முதல் நாளே அதே நேரத்தில் போய்ப் பார்த்துவை. பாட்டுத் தாள் காற்றில் பறக்கும், அட்டையில் ஒட்டிக் கொடு.

பாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. கோடையில் பாடகர் குழுவில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், உடனே சபையின் குரல் இறங்கிவிடும், எல்லோரும் புத்தகத்தைப் பார்த்து உதட்டை மட்டும் அசைப்பார்கள். ஆறாயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதிய சார்லஸ் வெஸ்லியின் வழியில் வந்தவர்கள் நாம்! அவர் அண்ணன் ஜான் 1761-இல் பாடுவதற்கென்றே ஏழு குறிப்புகள் எழுதிவைத்தார். எல்லோரும் பாடவேண்டும், பாதி செத்தவர்கள் போலப் பாடக் கூடாது, அதே சமயம் மற்றவர் குரல் கேட்காதபடி கத்தவும் கூடாது, இழுக்காமல் தாளத்தோடு போகவேண்டும் என்று அதில் வருகிறது. வி.பி.எஸ் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தி ஒரு பாட்டை அவர்களே தொடங்கட்டும் என்று விட்டுப் பார், பின்வரிசைக்காரர்கள் தானாகச் சேர்ந்துகொள்வார்கள்.

ஐக்கிய விருந்துக்கு நீ எழுதியிருப்பதில் முக்கால்வாசி சாப்பாட்டுக் கணக்கு. ஜான் வெஸ்லி 1737-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மொரேவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் கண்ட அன்பின் விருந்தில் பெரிய சாப்பாடு எதுவும் கிடையாது. மெதடிஸ்ட்காரர்கள் அதை எடுத்துக்கொண்டபோது ரொட்டியும் தண்ணீரும்தான், பிறகு ஒவ்வொருவராக எழுந்து தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சொல்வார்கள். தண்ணீர்க் குவளைக்கு இரண்டு கைப்பிடி இருக்கும், பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் பிடிக்க வசதியாக. சாப்பாடு இருக்கட்டும், ஆனால் அரை மணி நேரமாவது யாராவது பேசவும் மற்றவர்கள் கேட்கவும் இடம் வை.

சரி, இப்போது விட்டுப்போனதற்கு வருகிறேன்.

நம் ஆலயத்தில் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரமாக ஒரு பெரியவர் உட்காருவாரே, உனக்குத் தெரியும். இப்போது கைத்தடியோடு வருகிறார். நான் கோடைப் பொறுப்பில் இருந்த ஒரு வருஷம், வி.பி.எஸ், முகாம், விருந்து என்று ஓடிக்கொண்டிருந்த நாலு வாரமும் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. கோடைதானே, மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம், யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பாட்டுப்புத்தகங்களை அடுக்கும்போது அவர் இடத்தில் இருந்த புத்தகத்தை எடுத்தேன். அவர் வைத்த நாடா ஒரு மாதத்துக்கு முன்னால் பாடிய பாட்டிலேயே இருந்தது, மேலட்டையில் தூசி, என் விரல் பட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கட்டிலில் இருந்தார். நம் சபையிலிருந்து முதலில் போன ஆள் நான்தான். என்மேல் கோபப்படவில்லை, வி.பி.எஸ் நல்லபடியாக நடந்ததா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று கேட்டார். பிள்ளைகள் கணக்கு எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது, தினமும் வருகைப் பதிவு எடுத்தோமே. அவருக்கு மட்டும் யாருடைய நோட்டிலும் ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகுதான் மெதடிஸ்ட்காரர்களின் வகுப்புக் கூட்டம், அதாவது சபையைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து விசாரிக்கிற முறை, எப்படி ஆரம்பித்தது என்பதை ஒழுங்காகப் படித்தேன். 1742 பிப்ரவரியில் பிரிஸ்டலில், நியூ ரூம் என்ற கூடத்தைக் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று பேச உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொல்ல, மிகவும் ஏழையான பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடிந்தால் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நான் போடுகிறேன் என்றார் கேப்டன். அப்படியே சபை முழுவதையும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். வாரா வாரம் காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு அங்கே நடப்பதெல்லாம் கண்ணில் பட்டது, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் சண்டை, யார் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார் என்று வந்து சொன்னார்கள். இத்தனை நாளாக நாம் தேடியது இதைத்தான் என்று வெஸ்லிக்குப் புரிந்துவிட்டது. கடனுக்காகப் போட்ட ஏற்பாடு ஆளை விசாரிக்கிற ஏற்பாடாக மாறிற்று. எனக்கு வெஸ்லியின் பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட அந்தக் கேப்டன் சொன்னது பெரிதாகத் தெரிகிறது.

உன் நோட்டில் எனக்கு வேண்டியது அப்படி ஆளை விசாரிக்கிற பட்டியல்தான். கோடையில் ஆட்கள் சிதறுவார்கள், ஊருக்குப் போனவர் யார், வீட்டில் விழுந்து கிடப்பவர் யார் என்று வெறும் இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பல மெதடிஸ்ட் சபைகளில் போதகர் மாற்றமும் கோடையை ஒட்டித்தான் வரும், ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார், அடுத்தவருக்கு யார் முகமும் தெரியாது, அதனால் போதகர் போய்ப் பார்ப்பார் என்றும் விட்டுவிட முடியாது. சபையார் பெயரையெல்லாம் ஒரு சீட்டுக்குப் பன்னிரண்டு பேர் என்று எழுது. வி.பி.எஸ்ஸுக்கு வருகிற பிள்ளைகளின் வீடுகளையும், அவர்கள் நம் சபையாராக இல்லாவிட்டாலும், அதில் சேர். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருவர் பொறுப்பு, வாரத்தில் ஒரு போன், இரண்டு ஞாயிறு ஆளைக் காணோம் என்றால் நேரில் போகவேண்டும். போகிறவர்கள் ஆலயத்துக்கு ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்கவே கூடாது, எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். பிள்ளைகளின் வீட்டுக்கு முடிவு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பேசியாகவேண்டும், அதை அந்தந்த ஆசிரியரே செய்யட்டும், பிள்ளைக்கு அவர் குரல் தெரியும்.

என் சீட்டை நானே எழுதிவிட்டேன். பன்னிரண்டில் முதல் பெயர் நம் கீபோர்டு வாசிக்கிற பையன், இரண்டு ஞாயிறாக அவன் தங்கைதான் வாசிக்கிறாள், ஏன் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகிறேன். நீயும் வருவதாக இருந்தால் ஐந்தரைக்கு ஆலய வாசலில் நில், அந்த நோட்டையும் கொண்டுவா.

அன்புடன்,
அக்கா