டாங்கின் மேல் தேய்ந்த இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மழை விட்டதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் சந்தைக்குத் தனியாகவே போய் வருகிறாள். இந்தக் கடிதத்தை சிங்கப்பூருக்கு வருகிற நம் தெருப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய மாடல் கிட்டில் நான் செய்த சின்ன மோட்டார் சைக்கிளின் படத்தை வைபரில் அனுப்பியபோது இரண்டு கேள்வி கேட்டாய். பெட்ரோல் டாங்கில் ராணுவ எண்ணை ஏன் ஒட்டவில்லை? டாங்கின் மேல் ஏன் பெயிண்ட் போய்க் கிடக்கிறது, கை தவறிவிட்டதா? பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போகாமல் இருந்தாலும் அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய பெட்டியைத் திறந்த அன்று இரவெல்லாம் அந்தப் பாகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரையம்ப் 3 எச்.டபிள்யூ., இரண்டாம் யுத்த கால ராணுவ மோட்டார் சைக்கிள். நிஜ வண்டியில் ஒன்பதில் ஒரு பங்கு அளவு. செய்து முடித்தால் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். நாற்பது வருஷம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடித்த கை இது. அகலமாக வீசிப் பழகிய கைக்கு, அரிசி மணி அளவு லீவரைப் பிடித்துப் பெயிண்ட் வைப்பது முதலில் வரவே இல்லை. இரண்டு வாரம் வெறும் பழைய பிளாஸ்டிக் மூடிகளில் அடித்துப் பழகினேன்.

இந்த வண்டி பிறந்த கதை உனக்குத் தெரிய வேண்டும். டிரையம்ப் தொழிற்சாலை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் இருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரையே எரித்தன, தொழிற்சாலையும் போனது. மிஞ்சியதை எடுத்துக்கொண்டு வார்விக்கில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, 1942-ல் மெரிடன் என்ற கிராமத்தில் புதிய தொழிற்சாலையில் குடியேறினார்கள். 343 சிசி, ஒற்றை சிலிண்டர். முன்பக்கம் சக்கரத்தைப் பிடிக்கிற கர்டர் ஃபோர்க் என்ற இரும்புச் சட்டம், நடுவில் ஒரே ஸ்பிரிங். பின்பக்கம் ஷாக் அப்சார்பரே கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கிற இரண்டு ஸ்பிரிங்தான் இடுப்பைக் காப்பாற்ற வேண்டும். வயர்லெஸ்ஸில் பேசினால் எதிரி கேட்பான், மலையும் காடும் வந்தால் அதுவும் எடுக்காது. அப்போது கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் இந்த வண்டியில் கிளம்புவான். அதற்காகச் செய்த வண்டி.

எஞ்சினும் ஃபிரேமும் சேர்க்கிற வேலை சுலபமாகத்தான் போனது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவை மட்டும் ஒர்க் ஷாப்பில் மிஞ்சிய தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டேன். இடது பக்கப் பை மாட்டுகிற சட்டம் மெழுகு மாதிரி குழைந்துவிட்டது. நம் லேக்கர் தின்னரை பிளாஸ்டிக் தாங்காது என்று அதற்கப்புறம்தான் புரிந்தது. செம்புக் கம்பியை வளைத்து அந்தச் சட்டத்தைப் புதிதாகச் செய்தேன். படத்தில் பெரிதாக்கிப் பார், இடது பக்கம்தான் வலது பக்கத்தை விட ஒல்லியாக, நிஜம் மாதிரி இருக்கும்.

கைப்பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டில் ரப்பர் கைப்பிடி மாதிரி வரிவரியாக வார்த்திருந்தது. அதைச் சீவி எடுத்துவிட்டேன். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனது. பர்மாவில் நம்ம மோல்மேன் ஜனவரி 31-லேயே விழுந்துவிட்டது. கொஞ்ச நாளில் ஜாவாவும் போய்விட்டது. ரப்பர் விளைகிற மண்ணில் பெரும்பகுதி அவன் பக்கம். பிரிட்டிஷ்காரனிடம் இருந்த ரப்பர் டயருக்கே போதாமல் போக, ராணுவ மோட்டார் சைக்கிள்களில் கைப்பிடிக்கு கேன்வாஸ் துணியைச் சுற்றினார்கள், கால் வைக்கிற இடத்தை வெறும் இரும்பாகவே விட்டுவிட்டார்கள். இங்கே முடோன் பக்கம் போனால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் விடியுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பால் வெட்டின மரங்கள். அந்தப் பால் போகாததால்தான் எங்கேயோ இருக்கிற மெரிடனில் ஒரு கைப்பிடிக்குத் துணி சுற்ற வேண்டி வந்தது. இதை யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவிடம் கேட்டு, தாத்தாவின் பழைய வேட்டியின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, பசை தொட்டு, ஒரு சுற்றின் மேல் ஒரு சுற்று ஏறாமல் சுற்றினேன். ஒரு கைப்பிடிக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது.

இனி டாங்கு.

என் அய்யா, அதாவது உன் தாத்தா, வைத்திருந்த வண்டி இதேதான். 3 எச்.டபிள்யூ. யுத்தம் முடிந்து படைகள் போனபோது இங்கே விட்டுப்போன சாமான்களில் ஒன்று அது. இரண்டு மூன்று கை மாறி, ஓடாத நிலையில் அய்யாவிடம் வந்து, அவர் ஓட வைத்தார். ஒரு போட்டோ கூட இல்லாததால் நீ நம்ப மாட்டாய் என்று நினைத்து இதை நான் அதிகம் சொன்னதில்லை. ஆனால் அந்த வண்டி என் உடம்பில் இருக்கிறது. எனக்கு நாலைந்து வயசு. என்னைத் தூக்கி டாங்கின் மேல் உட்காரவைப்பார், பெட்ரோல் மூடிக்குப் பின்னால். முதுகில் அவர் நெஞ்சு. இரண்டு பக்கமும் அவர் கை. காலைத் தொங்கப் போட்டால் என் குதிகால் டாங்கின் கீழ் ஓரத்தில் இடிக்கும். வெயிலில் டாங்கு சுடும் என்று துண்டை மடித்துப் போடுவார், அது பாதி வழியில் நழுவிவிடும். ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஆற்றை ஒட்டிப் போவோம்.

வருஷக்கணக்கில் அப்படி உட்கார்ந்ததில் டாங்கின் மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்துவிட்டது. நடுவில் பளபளவென்று இரும்பு. அதைச் சுற்றி அடிப்பூச்சான சிவப்பு ஆக்சைடு. அதைச் சுற்றிப் பழுப்பு. அதற்கு வெளியே பச்சை. வெட்டின மரத்தில் தெரிகிற வளையம் மாதிரி இருக்கும். அதன் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். பச்சைக்கு அடியில் பழுப்பு ஏன் என்று அப்போது தெரியாது. யுத்த காலத்தில் பிரிட்டனில் பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்து, 1942 வாக்கில் ராணுவ வண்டிகளுக்குப் பழுப்பு அடித்திருக்கிறார்கள். கிழக்கே காட்டுச் சண்டைக்கு வந்த வண்டிகளுக்குக் காட்டுப் பச்சை. தொழிற்சாலையில் பழுப்பாகப் பிறந்த வண்டி இந்தப் பக்கம் வந்து பச்சையாகியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை உட்கார்ந்து தேய்த்ததில் அந்தக் கதை வெளியே வந்துவிட்டது.

அய்யாவுக்குப் பெயிண்ட் வேலை தெரியும். ஃபெண்டரில் கீறல் விழுந்தால் மறுநாளே பூசுவார். அந்த ஒரு இடத்தை மட்டும் கடைசி வரை அவர் தொடவில்லை.

1964 மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டு செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறி மெட்ராஸ் போய்விட்டது. அய்யா போக மாட்டேன் என்றார். ஆனால் வண்டி போனது. வாங்க வந்தவன் தேய்ந்த இடத்தைக் காட்டி விலையைக் குறைத்தான். அய்யா எதுவும் பேசாமல் அந்த விலைக்கே கொடுத்தார். எனக்கு ஏழு வயசு.

அதனால்தான் ராணுவ எண்ணை ஒட்டவில்லை. சி என்ற எழுத்தில் தொடங்குகிற அந்த எண் கிட்டில் அழகாகவே இருந்தது. ஆனால் நான் பார்த்த வண்டியில் எண்ணுக்கு மேல் பச்சை பூசியிருந்தது. நான் பார்க்காததை என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை.

தேய்ந்த இடத்தை எப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய், உனக்கும் பெயிண்ட்தானே தொழில். முதலில் டாங்கு முழுக்க அலுமினியம். அது காய்ந்ததும் சிவப்பு ஆக்சைடு, பிறகு பழுப்பு, அதன் மேல் பச்சை. ஒவ்வொன்றும் மூச்சு விட்ட மாதிரி மெல்லிசாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் இடைவெளி. இதில் ஒரு கோட் தடித்தால், நிஜ வண்டியில் ஒன்பது மடங்கு தடித்த மாதிரி தெரியும். பச்சையில் கொஞ்சம் வெள்ளையும் மஞ்சளும் கலந்தேன். பெரிய வண்டிக்குச் சரியான நிறம் சின்ன வண்டியில் கறுத்துப் போகிறது. கரண்ட் இருக்கிற நேரத்தில்தான் கம்ப்ரஸரைப் போட முடியும் என்பதால், நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அடித்த நாளும் உண்டு. கடைசியில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தீக்குச்சி முனையில் ஒட்டி, சொட்டுத் தண்ணீர் தொட்டு, வட்டமாகத் தேய்த்தேன். பச்சை போய்ப் பழுப்பு வந்தது. பழுப்பு போய்ச் சிவப்பு வந்தது. நடுவில் கடுகு அளவு வெள்ளி தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். கை நடுங்கியது.

சேற்றுக்கு நம் வீட்டுப் பின்பக்கத்துச் செம்மண்ணைத்தான் எடுத்தேன். முகத்தில் பூச தனக்கா மரப்பட்டை அரைக்கிற அம்மாவின் பழைய கல்லில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, சக்கர மட்கார்டுக்கு அடியிலும் எஞ்சின் அடிவயிற்றிலும் தடவினேன். துரு மட்டும் வைக்கவில்லை, சைலன்ஸர் குழாயைத் தவிர. நிறையப் பேர் இந்த மாதிரி மாடலில் துருவை அள்ளி அப்புகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தினமும் ஒருத்தன் உயிரை நம்பி ஏறுகிற வண்டி துருப்பிடிக்காது. கை படுகிற இடம், பூட்ஸ் படுகிற இடம், முட்டி உரசுகிற இடம் தேயும், அவ்வளவுதான். ஓட்டுகிறவன் முட்டி டாங்கின் பின் ஓரத்தில் உரசும். குழந்தை உட்கார்ந்தால் மேலே தேயும், குதிகால் இடித்துக் கீழ் ஓரம் தேயும். இரண்டையும் வேறு வேறாகவே வைத்திருக்கிறேன். படத்தில் உனக்குத் தெரிந்திருக்காது.

தம்பி, அந்த வளையங்கள் மேலே வந்தபோது எனக்கு வேறொரு டாங்கு ஞாபகம் வந்தது. உனக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு ஒர்க் ஷாப்புக்கு வந்து, நான் சொல்லாமலே அந்த ஹோண்டா டாங்கைத் தேய்க்க உட்கார்ந்தாய். அதிகமாகத் தேய்த்து அடிப்பூச்சையும் தாண்டி இரும்பு வரைக்கும் போய்விட்டாய். நான் வண்டிக்காரர் முன்னாலேயே உன் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி எறிந்தேன். இந்தக் கைக்கு இந்தத் தொழில் வராது என்று சொன்னேன். அதே வளையங்கள்தான் அன்றைக்கும் இருந்தன, வெள்ளி, சிவப்பு, கறுப்பு. நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இங்கே இருந்த வரை நீ ஸ்ப்ரே கன்னைத் தொடவே இல்லை. சிங்கப்பூர் போய், கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது நான் சந்தோஷம் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நான் அன்று பேசியது தப்பு. உன் கையில் குறை எதுவும் இல்லை, எனக்குத்தான் பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

வண்டி இப்போது சாமி அலமாரிக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில் இருக்கிறது. செயின் இன்னும் கொஞ்சம் தொய்வாக வர வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே வேலைதான் பாக்கி. பச்சை இன்னும் லேசாக மினுங்குகிறது, ராணுவ வண்டி அப்படி மினுங்கக் கூடாது. நீ எப்போது வர முடியுமோ அப்போது வா, அவசரம் இல்லை. வரும்போது நல்ல மேட் வார்னிஷ் ஒரு புட்டி கொண்டு வா, இங்கே கிடைப்பது பால் பூத்துவிடுகிறது. அதை நீதான் அடிக்க வேண்டும். டாங்கின் மேல் தேய்ந்த இடத்தை மட்டும் டேப் போட்டு மூடிவிட்டு அடி. துணி பட்டுப் பட்டு அந்த இடம் பளபளவென்றுதான் இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. பெயிண்ட் அடிக்கும்போது மாஸ்க்கைக் கழற்றாதே.

அன்புடன்,
அப்பா