உங்கள் ஊர்க்காரர்களிடம் இன்னும் உரக்கப் பேசுங்கள்: திருத்தந்தை லியோவுக்கு ஒரு கடிதம்

டிசம்பர் 2025

பேரன்புக்குரிய திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். தமிழ்நாட்டிலிருந்து ஒரு சாதாரணக் கத்தோலிக்கன் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்து சேரப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும், உங்களிடம் சொல்லவேண்டியதை உங்களைப் பார்த்தே சொல்லிவிடத் தோன்றியது.

கடந்த மே 8 மாலை, புனித பேதுரு பேராலயத்து மாடத்தில் வந்து நின்றீர்கள். இத்தாலிய மொழியில் சமாதானம் சொன்னீர்கள். நடுவில் ஸ்பானிய மொழிக்கு மாறி, பெரு நாட்டில் நீங்கள் ஆயராக இருந்த சிக்லாயோ மறைமாவட்டத்து மக்களை வாழ்த்தினீர்கள். லத்தீனில் ஆசீர் வழங்கினீர்கள். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. சிகாகோவில் பிறந்து பக்கத்து டால்டனில் வளர்ந்தவர், திருச்சபை வரலாற்றின் முதல் அமெரிக்கத் திருத்தந்தை, தாய்மொழியை அன்று தொடவே இல்லை. எனக்கு அதில் பெரிய நிம்மதி. அமெரிக்கர் ஒருவரை அந்த இருக்கையில் வைக்கமாட்டார்கள் என்று ரோமில் நெடுங்காலம் பேசிவந்ததற்குக் காரணம் இருந்தது. படைபலமும் டாலரும் ஏற்கெனவே ஒரே நாட்டின் கையில் இருக்கும்போது பேதுருவின் இருக்கையும் அங்கேயே போகவேண்டுமா என்ற பயம் அது. உங்களுக்கும் அந்தப் பயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அந்த மௌனம் அந்த ஒரு மாலைக்குப் போதும். இப்போது நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. ஆங்கிலத்தில் பேசுங்கள். உங்கள் நாட்டு அரசிடமும் மக்களிடமும், ஒரு அமெரிக்கனாக, சுற்றிவளைக்காமல் பேசுங்கள்.

உங்களுக்கு முன்பிருந்த பிரான்சிஸ் இதே விஷயங்களைப் பேசாமல் இல்லை. குடும்பம் முதலில், அப்புறம் அக்கம்பக்கம், அப்புறம் சொந்த நாட்டவர், கடைசியில்தான் மற்ற உலகம் என்று துணை அதிபர் வான்ஸ் அன்புக்கு வரிசை போட்டபோது, பிரான்சிஸ் 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் நல்ல சமாரியனை நினைவூட்டி அந்த வரிசையைக் கலைத்தார். என்ன நடந்தது? எல்லை விவகாரங்களுக்குப் பொறுப்பான டாம் ஹோமன், அவரும் பிறவிக் கத்தோலிக்கர், திருத்தந்தை திருச்சபையைச் சரிசெய்யட்டும், எல்லையை எங்களிடம் விடட்டும், வத்திக்கானைச் சுற்றியும் மதில் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். 2016இல் டிரம்ப்பும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார். மெக்சிகோ பயணம் முடிந்து திரும்பிய பிரான்சிஸ், மதில் கட்டுவதையே நினைப்பவர் கிறிஸ்தவர் அல்ல என்றதும், மெக்சிகோ அரசு திருத்தந்தையைப் பகடைக்காய் ஆக்குகிறது என்றார். வெளிநாட்டுக்காரர், லத்தீன் அமெரிக்க இடதுசாரி, அவருக்கு நம் நாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் போதும், அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது. செப்டம்பர் கடைசி நாள் காஸ்டல் கண்டோல்போவில், வாசலில் நின்ற செய்தியாளர்களிடம் நீங்கள் பேசிய காணொலியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் செனட்டர் டர்பினுக்குச் சிகாகோ மறைமாவட்டம் விருது தரப்போவதைப் பற்றிய கேள்வி அது. கருக்கலைப்பை எதிர்க்கிறேன், ஆனால் மரண தண்டனை வேண்டும் என்பவர் உண்மையில் உயிரின் பக்கம் நிற்பவரா, அமெரிக்காவில் குடியேறியவர்களை மனிதத்தன்மையில்லாமல் நடத்துவதற்கு உடன்படுகிறவர் உயிரின் பக்கம் நிற்பவரா என்று கேட்டீர்கள். குரலை உயர்த்தவில்லை. சிகாகோக்காரர் ஒருவர் தெருமுனையில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. மறுநாளே வெள்ளை மாளிகையின் செய்திச் செயலாளர், அவரும் கத்தோலிக்கர்தான், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுக்கவேண்டி வந்தது. அமெரிக்காவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும் யாராலும் கேட்கமுடியவில்லை.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது உங்கள் நாட்டின் பழைய கதையைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். வாஷிங்டன் நினைவுத்தூணில் பதிப்பதற்காக ஒன்பதாம் பயஸ் ரோமிலிருந்து ஒரு பளிங்குக் கல்லை அனுப்பிவைத்தார். 1854இல் கத்தோலிக்க எதிர்ப்பாளர்கள் இரவோடு இரவாக அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொட்டோமாக் ஆற்றில் வீசிவிட்டதாகப் பேச்சு. 1928இல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் அதிபர் பதவிக்கு நின்றபோது, அப்போதுதான் திறந்திருந்த ஹாலந்து சுரங்கப்பாதை ரோம்வரை போகிறது, ஸ்மித் ஜெயித்தால் போப் அதன் வழியாக வந்துவிடுவார் என்று வதந்தி பரப்பினார்கள். அவர் தோற்றார். 1960 செப்டம்பரில் கென்னடி ஹூஸ்டனுக்குப் போய், புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னால் நின்று, நான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, கத்தோலிக்கராகவும் இருக்கிற கட்சி வேட்பாளர் என்று விளக்கம் கொடுக்கவேண்டியிருந்தது. வத்திக்கானோடு முழு தூதரக உறவு ஏற்பட்டதே 1984இல், ரீகன் காலத்தில். இத்தனை பயமும் ஒரு வெளிநாட்டுக்காரரைப் பற்றியது. இன்று வான்ஸ், ரூபியோ என்று அரசின் மேல்மட்டத்திலேயே கத்தோலிக்கர்கள். 2024இல் கத்தோலிக்க வாக்காளர்களில் பாதிக்கு மேல் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். திருத்தந்தையோ சிகாகோவின் ‘ஒயிட் சாக்ஸ்’ பேஸ்பால் அணியின் ரசிகர். அந்நியர் என்ற சுவர் இடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக உங்களை எந்தக் கட்சி என்று பார்க்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே டிரம்ப் ஆதரவாளர்களில் சிலர் உங்கள் பழைய ட்விட்டர் பகிர்வுகளைத் தோண்டி, மார்க்சியவாதி என்று முத்திரை குத்தினார்கள். உங்கள் அண்ணன் ஒருவரை அதிபரே வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டுமே ஒரே மாதத்தில் நடந்தன.

சொந்த நாட்டிடம் பேசிய திருத்தந்தை என்றால் எல்லாருக்கும் இரண்டாம் யோவான் பவுல்தான் நினைவுக்கு வருவார். 450 ஆண்டுகளுக்கு மேல் இத்தாலியர்களே இருந்த இடத்துக்கு 1978 அக்டோபர் 16 அன்று கிராக்கோவ் பேராயர் வந்தார். அடுத்த ஜூனில், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்துக்குப் போனார். வார்சாவின் வெற்றிச் சதுக்கத்தில், உமது ஆவி இறங்கிவந்து மண்ணகத்தின் முகத்தைப் புதுப்பிக்கட்டும் என்ற திருப்பாடல் வரியைச் சொல்லி, ‘இந்த மண்ணின் முகத்தை’ என்று சேர்த்துக்கொண்டார். ஆட்சியைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அரசுத் தொலைக்காட்சி என்ன செய்தது தெரியுமா? கேமராவை அவர் மேலேயே வைத்துக்கொண்டு, கூட்டத்தைக் காட்டவேண்டிய இடத்தில் கன்னியர்களையும் வயதான பெண்களையும் மட்டும் காட்டியது. சதுக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், தாங்கள் கண்ணால் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் திரையில் காணாமல் போனதைப் பார்த்தார்கள். அரசு பொய் சொல்கிறது என்று அதற்குமேல் யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் வாயிற்கதவில் செஸ்டகோவா மாதா படத்தையும் திருத்தந்தை படத்தையும் மாட்டினார்கள். ஆகஸ்ட் 31 அன்று வேலைநிறுத்தத் தலைவர் லெக் வலேசா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, திருத்தந்தை படம் பதித்த, முழ நீளமுள்ள ஒரு வேடிக்கையான பேனாவால். அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த சாலிடாரிட்டி ஒரு கோடிப் பேர் சேர்ந்த சங்கமாக வளர்ந்தது. ராணுவச் சட்டம் போட்டு நசுக்கியும், 1989 ஜூன் தேர்தலில் செனட்டின் 100 இடங்களில் 99ஐ அது பிடித்தது. போலந்து விழித்ததற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்லமாட்டேன். தொழிலாளர்களும் விலைவாசியும் மாஸ்கோவின் தளர்ச்சியும் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் ஒரு ஜெர்மானியரோ பிரெஞ்சுக்காரரோ இருந்திருந்தால், வாயிற்கதவில் அவர் படம் தொங்கியிருக்காது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். அதே போலந்துக்காரர் 1983 மார்ச்சில் நிகராகுவா தலைநகர் மானாகுவாவில் விமானத்திலிருந்து இறங்கினார். வரவேற்க நின்ற இடதுசாரி அரசின் அமைச்சர்களில் எர்னஸ்டோ கார்தெனால் என்ற கவிஞரும் இருந்தார். அவர் ஒரு குரு. முழங்காலிட்டார். குருவாக இருந்துகொண்டு அந்த அரசில் பதவி வகித்ததற்காக, திருத்தந்தை அவர் முகத்துக்கு நேராக விரலை ஆட்டிக் கண்டித்தார். உலகம் முழுக்க அந்தப் படம் போனது. பின்னால் கார்தெனாலின் குருத்துவப் பணிக்குத் தடை வந்தது; 2019இல் பிரான்சிஸ்தான் அதை நீக்கினார். அந்த மானாகுவா பயணத்துக்கு மூன்று ஆண்டு முன்பே, 1980இல், எல் சால்வடாரில் பேராயர் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றும்போதே சுடப்பட்டார். உயிரோடு இருந்தபோது ரோமில் அவருக்குக் கிடைத்த ஆதரவு போதவே இல்லை. அவரைப் புனிதராக்க 2018 வரை ஆயிற்று.

ஏன்? கிராக்கோவில் மார்க்சியம் என்றால் ரகசியப் போலீஸ். சால்வடாரில் ரகசியப் போலீஸ் எதிர்ப்பக்கத்தில், மார்க்சியர்களை வேட்டையாடிய வலதுசாரிகளிடம் இருந்தது. போலந்தில் கண்ணைத் திறந்துவிட்ட அனுபவமே மத்திய அமெரிக்காவில் பார்வையை மறைத்துவிட்டது. நிகராகுவாவில் அவர் சந்தேகப்பட்ட இடதுசாரித் தலைவர் ஓர்டேகா பிற்காலத்தில் ஆயர்களையே சிறையில் போட்டார் என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஏழைகள் பக்கம் நின்ற எத்தனையோ குருக்கள் போலந்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கப்பட்டு, தனித்து விடப்பட்டார்கள்.

அதனால்தான் இரண்டையும் சேர்த்தே உங்களிடம் கேட்கிறேன். பிறந்த நாட்டைக் கண்டிக்க உங்கள் குடியுரிமை உங்களுக்கு உரிமை தருகிறது. மற்ற நாடுகளை அளப்பதற்கு அது அளவுகோல் ஆகிவிடக்கூடாது. எங்கள் திருச்சபையின் சிக்கல்களை அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் இடது வலதுச் சண்டையில் எந்தப் பக்கம் என்று வைத்துப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. பெருவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2015இல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினீர்கள். 2017 இறுதியில், மனித உரிமை மீறல்களுக்காகச் சிறையில் இருந்த பெருவின் முன்னாள் அதிபர் புஜிமோரிக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தபோது, நடந்த அநீதிகளுக்கு அவர் தன் வாயாலேயே மன்னிப்புக் கேட்பது நல்லது என்று சொன்னீர்கள். வெளியிலிருந்து வந்தவர் என்று வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

அந்தப் பெருவிலும் உங்கள் குடியுரிமையை அரசியல்வாதிகள் விடவில்லை. மக்கள் ஆதரவு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்ட அதிபர் போலுவார்தே, நம் நாட்டுத் திருத்தந்தை என்று சொல்லிக்கொண்டு உங்கள் பணியேற்புத் திருப்பலிக்கு வந்து நின்றார். அக்டோபரில் நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது.

பிரான்சிஸ் இந்த ஆபத்துக்குப் பயந்தே 12 ஆண்டுகள் சொந்த ஊர் போகாமல் இருந்தார் என்று நினைக்கிறேன். பிரேசில், பொலிவியா, பராகுவே, சிலி என்று சுற்றியுள்ள நாடுகளுக்குப் போனார், அர்ஜென்டினாவுக்குப் போகவில்லை. 2016இல் அர்ஜென்டினா அதிபர் மாக்ரியோடு 22 நிமிடம் சந்திப்பு. படத்தில் முகம் இறுகியிருந்தது. அதையே நாள்கணக்கில் அலசினார்கள். தன்னைச் சாத்தானின் பிரதிநிதி என்று திட்டிவிட்டு பின்னர் அதிபரான மிலேயை 2024இல் சிரித்துக் கட்டியணைத்தார், அதையும் அலசினார்கள். எந்தப் பக்கம் போனாலும், அந்த நாட்டின் பெரோனிய அரசியல் இயக்கத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கணக்கு எழுதிவிடுவார்கள். அவர் போகாததில் எனக்கு இன்றும் வருத்தம்தான். புவெனோஸ் ஐரெசின் சேரி மக்கள் கடைசிவரை காத்திருந்தார்கள்.

எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் கிறிஸ்தவர்களைப் பார்த்து, உங்கள் விசுவாசம் வெளிநாட்டுக்குத்தானே என்று கேட்பது புதிதில்லை. கென்னடி ஹூஸ்டனில் பதில் சொன்ன அதே கேள்வியை எங்கள் பிள்ளைகளிடம் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் கேட்கிறார்கள். அதிலும் அமெரிக்கப் பணம், அமெரிக்கச் சதி என்பது மதமாற்றக் குற்றச்சாட்டோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற பேச்சு. போலந்துக்காரர் 1986இல் சென்னைக்கு வந்தபோதும், ஜெர்மானியரும் அர்ஜென்டினாக்காரரும் வந்தமர்ந்தபோதும் அவர்களின் நாடு எங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அமெரிக்கா அப்படியல்ல. நீங்கள் வாஷிங்டனிடம் எவ்வளவு நேராகப் பேசுகிறீர்களோ, அந்த அளவுக்கு எங்கள் ஊரில் அந்தப் பேச்சின் வாய் அடங்கும். வாஷிங்டனின் குரலாக ஒருமுறை நீங்கள் தெரிந்துவிட்டாலும், விலை கொடுப்பது ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் உள்ள சின்னச் சின்னக் கிராமத்துச் சபைகள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த ஊர் சிகாகோவை ஒட்டி பிராட்வியூ என்ற இடத்தில் குடியேற்றத் துறையின் தடுப்பு மையம் இருக்கிறது. நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா அன்று, அதன் வெளியே திருப்பலி நடந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோக அனுமதி கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். சில நாளில் செய்தியாளர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, அந்நியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்று கடைசி நாளில் கேட்கப்படும் என்ற மத்தேயு நற்செய்திப் பகுதியை எடுத்துச் சொன்னீர்கள். என்றைக்காவது திருத்தந்தையாக அமெரிக்கா போவீர்கள். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வரவேற்பும், பேஸ்பால் மைதானத்தில் திருப்பலியும் ஏற்பாடு செய்வார்கள். அதற்கெல்லாம் முன்னால், விமான நிலையத்திலிருந்து நேராக பிராட்வியூவுக்குப் போய், உள்ளே இருப்பவர்களுக்கு உங்கள் கையாலேயே நற்கருணை கொடுக்க அனுமதி கேளுங்கள். அமெரிக்கக் குடிமகன் ஒருவராக, ஆங்கிலத்தில் கேளுங்கள்.

செபத்தில் உங்களை நினைக்கும்,
தமிழ்நாட்டுக் கத்தோலிக்கன் ஒருவன்