நறுக்கிய கோஸை உடனே அடுப்பில் ஏற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் புரோக்கோலி புற்றுநோயை விரட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் புரோக்கோலி எப்போதாவதுதான் கண்ணில் படும். ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், ஏன், அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகுகூட அதே குடும்பம்தான். அதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

இந்தக் காய்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. மைரோசினேஸ் என்ற நொதியும் அதே காயில், ஆனால் தனியே ஒதுங்கி இருக்கிறது. பூச்சி கடித்தாலோ நாம் கத்தி வைத்தாலோ இரண்டும் கலந்து காரமான புதுப் பொருள்கள் உண்டாகும். முள்ளங்கி துருவும்போது மூக்கில் ஏறுகிறதே, அது இதுதான். புரோக்கோலியில் இப்படி உண்டாகும் சல்ஃபோராஃபேனை 1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் பிரித்தெடுத்தார்கள். உடலில் நச்சை வெளியேற்றும் நொதிகளை அது தூண்டுகிறது.

இனிதான் சமையல்காரர்களுக்கான விஷயம். கொதி பட்டால் மைரோசினேஸ் செயலிழந்துவிடும். நாமோ நறுக்கிய கையோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வாடை போகட்டும் என்று அந்தத் தண்ணீரையும் வடித்துக் கொட்டுகிறோம். 2007இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். அரை மணி நேரம் வேகவைத்த காலிஃபிளவரில் குளுக்கோசினோலேட் 75 சதவீதமும் முட்டைக்கோஸில் 65 சதவீதமும் குறைந்திருந்தன. ஆவியில் வேகவைத்தபோதும் வதக்கியபோதும் பெரிய இழப்பில்லை. ஆகவே சூடு படும் முன்பே நொதி தன் வேலையை முடித்துவிட, முதலில் காயை நறுக்கி, அரை மணி, முக்கால் மணி அப்படியே வைத்துவிட்டு, பிறகு தண்ணீர் தெளித்து மூடி வதக்கினால் போதும்.

வேகவைத்த காய்க்கும் வழி இருக்கிறது. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வில், வெந்த புரோக்கோலி 200 கிராமில் 1 கிராம் கடுகுத்தூள் தூவிச் சாப்பிட்டவர்களுக்கு உடலில் சேர்ந்த சல்ஃபோராஃபேன் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. கடுகிலும் மைரோசினேஸ் இருப்பதுதான் காரணம். எண்ணெயில் பொரிந்த கடுகில் அந்த நொதி மிஞ்சாது. பச்சைக் கடுகு வேண்டும். எங்கள் நாகர்கோவில் பக்கம் வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குத் தேங்காயோடு பச்சைக் கடுகை அரைத்து விடுவோம். அதையே கோஸுக்கும் செய்யலாம், அடுப்பை அணைத்த பிறகு.

இதனால் புற்றுநோய் வராது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. காற்று மாசு மிகுந்த சீனாவின் சிதோங் பகுதியில் 291 பேருக்கு 12 வாரம் புரோக்கோலி முளைப் பானம் கொடுத்தார்கள். பென்சீன் நச்சு சிறுநீரில் வெளியேறுவது 61 சதவீதம் கூடியது. 2014இல் வந்த அந்த முடிவு எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் நச்சு வெளியேறுவது வேறு, நோய் வராமல் போவது வேறு. சிகிச்சையில் இருப்பவர் ‘விரட்டும்’ என்பதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இந்தக் காய்களைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இவற்றிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

அடுத்த இதழின் சமையல் பக்கத்தில் கோஸ் பொரியலோ முள்ளங்கிக் கூட்டோ வந்தால், செய்முறையின் முதல் வரியாக நறுக்கி வைக்கும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். வார்ஃபரின் எச்சரிக்கையை மருத்துவப் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, நாகர்கோவில்