புது ரகத்துக்குத் தாய் தகப்பன் கிடையாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேளாண் பக்கத்தில், 'பாரம்பரிய நெல் ரகங்கள் இனிக் கண்காட்சிக்கும் கஞ்சிக்கும்தான். ஊருக்குச் சோறு போடுவது ஆராய்ச்சி நிலைய ரகங்களே' என்று எழுதியிருந்தீர்கள். கஞ்சிக்காவது விட்டுவைத்ததற்கு நன்றி.

அந்த நிலைய ரகங்கள் எங்கிருந்து பிறந்தன என்பது தாங்கள் அறியாததல்ல. பத்து நாளுக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிற ஸ்வர்ணா-சப்1 ரகத்தை அட்டைப்படத்தில் போட்டுக் கொண்டாடியவர் தாங்கள்தானே? அந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கிய எஃப்.ஆர்.13ஏ தந்தது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. புகையான் பூச்சி பரப்பும் குட்டை நோயைத் தாங்கும் குணம் ஐ.ஆர்.36 என்ற நிலைய ரகத்துக்கு வந்தது உத்தரப்பிரதேசத்துக் காட்டு நெல்லிலிருந்து. 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் அதுதான் தேறியது. களை என்று யாராவது முன்பே பிடுங்கிப் போட்டிருந்தால்?

சுனாமியில் எங்கள் வேதாரண்யம் பக்கம் வயலில் உப்புத் தண்ணீர் ஏறியது. அடுத்த பட்டத்தில், வேளாண் டிப்போவில் வாங்கிய விதை நுனி கருகி, தூர் கட்டாமல் நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா தெளித்த குழியடிச்சான் என்ற நாட்டு நெல் கதிர் வாங்கியது. அவர் குதிரில் விதை வைத்திருந்ததால் ஆயிற்று. டிப்போவில் கேட்டதற்கு, அப்படி ஒரு ரகம் பட்டியலிலேயே இல்லை என்றார்கள். இன்றைக்கும் அங்கே இரண்டு மூன்று ரகம்தான். ஊர் முழுக்க ஒரே நெல் நின்றால், அது புகையானுக்குப் பந்தி விரித்த மாதிரி.

இதையெல்லாம் முன்பே எழுதினேன். நான்கு பக்கத்தை நான்கு வரியாக்கி, குழியடிச்சானைக் 'குழிதோண்டி' என்று அச்சிட்டீர்கள். அதே இதழில் கருப்புக் கவுனி அல்வாவுக்கு முழுப் பக்கம், வண்ணத்தில். சரி, அது போகட்டும்.

புதிய ரகம் வெளியாகும்போதெல்லாம் வயது, மகசூல், அரிசியின் தன்மை என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். எந்த ரகத்தோடு எதை ஒட்டுச் சேர்த்து உருவாக்கினார்கள் என்று அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். பல்கலைக்கழகம் அனுப்பும் குறிப்பிலேயே அது இருக்கும். இடம் போதாது என்றால் அல்வாப் பக்கத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வேதாரண்யம் வட்டம்.