நாற்காலி போடுவதற்கு முன்: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் நெறியாளர்களுக்கும், காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வணக்கத்துடன் எழுதுவது.

ஒரு நோயையோ மரணத்தையோ யாரோ மறைவில் இருந்து நடத்திய சதி என்று, கையில் ஒரு துண்டு ஆதாரமும் இல்லாமல், பேசுவதையே வாடிக்கையாகக் கொண்ட சிலரை நீங்கள் நேர்காணலுக்கு அழைக்கிறீர்கள். அதைப் பற்றியே இம்மடல். யாருடைய வாயையும் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொந்தமாக யூட்யூப் இருக்கிறது, மேடை இருக்கிறது, பேசட்டும். உங்கள் அரங்கில் அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கும்போது அந்தப் பேச்சுக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி போடும் முகாமை அரசு தொடங்கியபோது, நான் காரைக்குடிக்கு அருகே ஒரு பள்ளியில் பணியில் இருந்தேன். முகாமுக்கு முந்தைய வாரமே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்யப் பார்க்கின்றன என்று ஒரு குரல் பதிவு ஊர் முழுக்கச் சுற்றியது. முகாமன்று வகுப்பறைகள் பாதி காலி. நான் என் மகள் வயிற்றுப் பேரனைப் பள்ளிக்கு அழைத்து வந்து, பெற்றோர்கள் பார்க்க முதல் ஊசியை அவனுக்குப் போடச் சொன்னேன். அழுதான், ஐந்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டான். அதன் பிறகும் தயங்கி நின்ற ஒரு தாயிடம், “இது பேப்பரில் வந்ததா, டிவியில் வந்ததா?” என்று கேட்டேன். “இல்லை சார், போனில் வந்ததுதான்” என்று சொல்லிவிட்டு மகளை வரிசையில் நிறுத்தினார். அன்று எங்களைக் காப்பாற்றியது உங்கள் பெயருக்கு இருந்த மதிப்புதான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் மக்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகவே அரசு மருத்துவமனையில் பொதுவில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பில் மயங்கினார், 17ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். இதயத்தின் முக்கியமான இரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஆனால் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஊசிதான் கொன்றது என்று கத்தியவருக்கு முன்னால் நீட்டப்பட்டிருந்த மைக்குகள், மருத்துவருக்கு முன்னால் இருந்தவற்றைவிடக் குறைவானவை அல்ல. அன்று மாலையே ஒரு தொலைக்காட்சி, தடுப்பூசியே உலகளாவிய சதி என்று பேசிவரும் ஒருவரை அரங்குக்கு அழைத்து, ஒரு மருத்துவருக்கு எதிரே சரிசமமாக உட்கார வைத்தது.

எங்கள் தெருவில் 74 வயது ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீளும் அந்த வீட்டில் அவர் புழங்குவது ஓர் அறையும் அடுப்படியும்தான். பேச்சுத் துணை டிவி. ஊசிக்கு அவர் பெயரைப் பதிந்து, முகாமுக்கு அழைத்துப் போக நான் ஆட்டோவுடன் சென்று நின்றபோது, ஆதார் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். “அது பொய் என்றால் அத்தனை பெரிய டிவிக்காரன் அவனைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஒரு மணி நேரம் பேச விடுவானா தம்பி?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த நிகழ்ச்சியில் மருத்துவர் சொன்ன விளக்கம் எதுவும் ஆச்சிக்கு நினைவில் இல்லை. இருவரும் ஒரே உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவில் இருந்தது. மே மாதம் அவருக்குத் தொற்று வந்தது; அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தார். ஊசி போட்டிருந்தால் அந்த ஒன்பது நாள் இருந்திருக்காது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தது அந்த நாற்காலி என்று சொல்லத் தகுதி உண்டு.

இரு தரப்பையும் பேச வைப்பதுதானே நடுநிலை என்று நீங்கள் கேட்கலாம். விவாதம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாலியை மறைந்து நின்று கொன்றது தகுமா என்று இரு அணிகளும் வரிந்து கட்டிக்கொண்டு மோதும். ஆனால் இரண்டு அணிக்கும் நூல் ஒன்றுதான். கம்பனில் இல்லாத ஒரு பாட்டைச் சொல்லி யாரும் அங்கே வெல்ல முடியாது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச்சாளர் ஒரு சீரை மாற்றிச் சொன்னாலும் அவர்கள் தலை நிமிரும், நடுவர் அங்கேயே நிறுத்துவார். சதிக் கதை சொல்பவருக்கோ நூலே கிடையாது. மருத்துவர் ஆய்வைக் காட்டினால் அந்த ஆய்வும் சதி என்பார். அரசு அறிக்கையைக் காட்டினால் அரசும் உடந்தை என்பார். பொது நூலை ஏற்காத ஒருவரை அவையில் ஏற்றிவிட்டு அதற்கு விவாதம் என்று பெயர் வைப்பது, விவாதம் என்ற சொல்லுக்கே செய்யும் அநீதி.

கடுமையாகக் கேள்வி கேட்டு முகத்திரையைக் கிழிப்போம் என்பது உங்களில் சிலர் சொல்லும் மற்றொரு நியாயம். அமெரிக்காவில் இதே நியாயத்தைத்தான் 2017 ஜூனில் என்பிசி தொலைக்காட்சி சொன்னது. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது அரசு நடத்திய நாடகம் என்று பல ஆண்டுகள் பரப்பிய அலெக்ஸ் ஜோன்ஸை மேகின் கெல்லி நேர்காணல் செய்தார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஒளிபரப்பாதீர்கள் என்று மன்றாடினார்கள்; ஒரு பெரிய வங்கி தன் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது; கனெக்டிகட்டில் இருந்த என்பிசி நிலையமே அதை ஒளிபரப்ப மறுத்தது. எதிர்ப்புக்குப் பின் நிகழ்ச்சியை வெட்டி ஒட்டிக் கடுமையாக்கினார்கள் என்பதும் உண்மை, நேரலையில் விடுவதைவிட அது மேல் என்பதும் உண்மை. இருந்தும் அந்த நேர்காணலில் வழுக்கிக்கொண்டே போன மனிதர், 2022இல் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக் கூண்டில் நின்றபோது அந்தப் படுகொலை நூறு சதவீதம் நடந்தது என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் கனெக்டிகட் நடுவர் குழு 96.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. நீதிமன்றத்தில் சாட்சியச் சட்டம் இருந்தது, ஆவணம் இருந்தது, பொய்க்குத் தண்டனை இருந்தது. உங்கள் அரங்கில் இவற்றில் எது இருக்கிறது?

நேரலையின் கணக்கே பொய்க்குச் சாதகமானது. ஒரு பொய்யைச் சொல்லப் பத்து வினாடி போதும், அதை அவிழ்க்கப் பத்து நிமிடம் வேண்டும், அதற்குள் நெறியாளர் இடைவேளைக்குப் போய்விடுகிறார். மறுநாள் ஷார்ட்ஸாக வெட்டிச் சுற்றுவது அந்தப் பத்து வினாடிதான், மூலையில் உங்கள் லோகோவுடன். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றை மக்கள் உண்மை என்று கருதத் தொடங்குவார்கள் என்பதை 1977இலேயே உளவியல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

பிறர் தவறி விழுந்து திருந்திய இடமும் உண்டு. 2017 ஆகஸ்டில் பிபிசி வானொலி பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசனை அழைத்து, பருவநிலை பற்றி அவர் சொன்ன தவறான தகவல்களை மறுக்காமல் விட்டது. அது விதிமீறல் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இல் சொன்னது. பருவநிலை மாற்றத்தை மறுப்பவர் ஒருவரை வைத்துத்தான் நடுநிலை காட்ட வேண்டும் என்பதில்லை என்று பிபிசியே அவ்வாண்டு தன் செய்தியாளர்களுக்கு எழுதி அனுப்பியது.

நான் கேட்பவை உங்களால் முடியாதவை அல்ல. அப்படிப்பட்டவர்களைப் பற்றிச் செய்தி சொல்ல வேண்டிய நேரம் வரும். வதந்தியை யார் கிளப்பினார், யாருக்கு அதில் லாபம் என்பதை உங்கள் நிருபர்கள் தோண்டி எடுத்துச் சொல்லட்டும். அவர்கள் குரல் தேவைப்பட்டால் பதிவு செய்து, சரிபார்த்து, மறுப்பை அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே வைத்து ஒளிபரப்புங்கள், நேரலை வேண்டாம். ‘ஊசியால் மரணமா?’ என்று கேள்விக்குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் தலைப்புகளை விட்டுவிடுங்கள், ஏனென்றால் எங்கள் தெருவில் யாரும் அந்தக் கேள்விக்குறியைப் படிப்பதில்லை.

இன்னும் ஒன்று. விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான நிபுணர் குழு 2021 அக்டோபரில் தெரிவித்தது. ஏப்ரலில் ஒரு மணி நேரம் ஒதுக்கிய அதே தொலைக்காட்சியில் அதை நான் கண்டது, திரையின் அடியில் ஓடிய ஒரு வரியாக மட்டும். ஆச்சி எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன் அது ஓடி மறைந்துவிட்டது. அந்த முடிவை, அன்று அந்தப் பேட்டியை ஒளிபரப்பிய அதே மாலை நேரத்தில், உங்கள் நெறியாளர் ஒருவர் தன் வாயால் ஒருமுறை முழுதாகச் சொல்ல வேண்டும். யூட்யூபில் இன்றும் கிடக்கும் அப்படிப்பட்ட பழைய பேட்டிகளின் தொடக்கத்திலும் அதைச் சேர்க்க வேண்டும். நாள் குறித்துச் சொன்னால், நான் ஆச்சியின் வீட்டில் அவருடன் உட்கார்ந்து பார்ப்பேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
காரைக்குடி