பழைய கார் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பன்னாட்டுப் பழைய கார் பேரணிகளில் கலந்துகொள்ளும் விருப்பம் நம் உறுப்பினர் பலருக்கு இருப்பதால், அவை எப்படித் தோன்றின, எவ்விதிகளால் நிலைபெற்றன என்பதை ஆராய்வதற்கே இவ்வாண்டின் கூட்டங்களைச் செயற்குழு ஒதுக்கியது. அங்கே பேசப்பட்டவற்றின் சாரத்தைப் பதிவு செய்கிறேன்.

1896 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தில், மோட்டார் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கி மணிக்கு 14 மைல் வேகம் வரை அனுமதித்த சட்டம் நடைமுறைக்கு வந்ததைக் கொண்டாட, லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. 1927இல் அதன் நினைவாகப் பழைய வண்டிகளைக் கொண்டு அதே பயணம் மீண்டும் நடத்தப்பட்டது. 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே இடமளிக்கும் அப்பயணம் இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. அதில் பங்கேற்றவர்களின் முயற்சியால் 1930இல் பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப் உருவானது. நம்மைப் போன்ற சங்கங்களுக்கெல்லாம் அது முன்னோடி என்பதால் இதைச் சற்று விரிவாகவே குறிப்பிடுகிறேன்.

நெடுந்தூரப் பேரணிகளுக்கு வித்திட்டது 1907ஆம் ஆண்டின் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்)–பாரிஸ் பயணம். ‘லெ மத்தான்’ என்ற பிரெஞ்சு நாளிதழின் அறைகூவலை ஏற்று ஜூன் 10 அன்று புறப்பட்ட 5 வண்டிகளில், இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேசேயின் இத்தாலா கார் ஆகஸ்ட் 10 அன்று முதலாவதாகப் பாரிஸை அடைந்தது. கோன்டால் என்ற மூன்று சக்கர வண்டியோ கோபி பாலைவனத்திலேயே கைவிடப்பட்டது. 1997இல் பழைய கார்களைக் கொண்டு இப்பயணம் மீட்டெடுக்கப்பட்டது.

இவற்றுள் நமக்கு மிகுந்த பாடம் தருவது இத்தாலியின் மில்லே மிலியா. பிரெஷாவில் தொடங்கி ரோம் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் சாலைப் பந்தயமாக 1927 முதல் நடந்த அது, 1957இல் குயிடிட்சோலோ அருகே ஓட்டுநர், துணை ஓட்டுநர், பார்வையாளர் 9 பேர் உயிரிழந்த கோர விபத்தோடு அவ்வடிவில் முடிவுக்கு வந்தது. பொன்விழா ஆண்டான 1977இல் அது திரும்பியபோது வேகத்தின் இடத்தைக் காலக்கணக்கு பிடித்திருந்தது. குறிக்கப்பட்ட சராசரி வேகத்தில், குறிக்கப்பட்ட நொடியில் சோதனைக் கோட்டைக் கடக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தண்டப் புள்ளி உண்டு. பழைய பிரேக்குகளும் டயர்களும் தாங்கக்கூடிய போட்டி இதுவே. ஓட்டுநருக்கு நிகராக, நிறுத்துகடிகாரமும் வழிக்குறிப்பேடும் வைத்திருக்கும் துணையாளரின் திறமையையும் சோதிக்கும் போட்டியும் இதுவே. பழைய கார் பேரணிகள் இன்றளவும் தழைத்திருப்பதற்கு இம்மாற்றமே தலையாய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

1966இல் நிறுவப்பட்ட ஃபீவா என்னும் பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு, வண்டிகளை அவை செய்யப்பட்ட காலத்தை வைத்து வகைப்படுத்தி அடையாள அட்டை வழங்குகிறது. 1904 வரையிலானவை ஒரு வகை, 1905 முதல் 1918 வரையிலானவை அடுத்தது என அவ்வரிசை நீள்கிறது. அதன் பொன்விழா ஆண்டான 2016, யுனெஸ்கோவின் ஆதரவுடன் உலக மோட்டார் பாரம்பரிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. வண்டியில் பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களும் அவ்வட்டையில் பதிவாகும் என்பதால், கார்புரேட்டரையோ விளக்குகளையோ மாற்றும் முன் அசல் பாகங்களைப் புகைப்படத்துடன் ஆவணப்படுத்துமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன். அசல் பாகங்களைத் தூக்கியெறிந்துவிட்டுப் பின்னர் தேடி அலைவது பெரும் துயரம்.

எனவே, வரும் ஆண்டில் நம் சங்கப் பயணங்கள் அனைத்தையும் காலக்கணக்கு முறையிலேயே நடத்துவது, ஒவ்வொரு உறுப்பினரின் வண்டிக்கும் வரலாற்றுக் கோப்பு ஒன்று தொடங்குவது என்னும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்