ஆடின கேமை முதல்ல பிள்ளைங்களே பாக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இப்பல்லாம் செஸ் போட்டி இல்லாத ஞாயித்துக்கிழமையே இல்லங்கற அளவுக்கு வந்துடுச்சு, ரொம்ப சந்தோஷம், ஆனா ஒரு விஷயம் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. ரவுண்டு முடிஞ்சு பிள்ளை வெளிய வந்ததும் அப்பாவோ அம்மாவோ மூவ் எல்லாம் எழுதின ஸ்கோர்ஷீட்டை வாங்கி போன்ல ஏத்தி, மூவ்களை அலசிச் சொல்ற ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் புரோகிராம் (இன்ஜின்) கிட்ட குடுத்துடறாங்க, அது 23வது மூவ் தப்புன்னு சிவப்புல காட்டும், "இதைக்கூட பாக்கலையாடா"ன்னு அங்கேயே ஒரு திட்டு, அவ்ளோதான் அனாலிசிஸ்.

இன்ஜின் வேணாம்னு சொல்லல. அவ்ளோ பலமான ஒண்ணு இலவசமா எல்லார் கையிலயும் இருக்கறது பெரிய வரம். ஆனா எது நல்ல மூவ்னுதான் அது சொல்லும், பிள்ளை ஏன் வேற மூவ் வச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அது அவனுக்குத்தான் தெரியும், அதுவும் ரெண்டு நாள் போனா மறந்துடும்.

எங்க குடியிருப்புல பிள்ளைங்களுக்கு செஸ் சொல்லிக் குடுக்கறேன். அதுல ஒரு பொண்ணு தன்னோட தோத்த கேமையெல்லாம் போர்டுல திரும்ப வச்சு, ஒவ்வொரு மூவுக்கும் அப்ப என்ன நினைச்சேன்னு நோட்டுல எழுதிக்கிட்டு வந்தா. எதிராளி ராணி கிட்ட வந்தாலே இவ உடனே தன் ராணியைக் குடுத்து அதை வாங்கிடறா. "ராணி போயிட்டா மேட் ஆகாதுன்னு நினைச்சேன் அங்கிள்"னு எழுதியிருந்தா. அப்புறம் காய் குறைஞ்சு வர்ற கடைசிக் கட்டத்துல, அதான் எண்ட்கேம்ல, சிப்பாய் எல்லாம் சிதறிக் கிடக்கும், மெதுவா தோக்கறா. இன்ஜின்ல அந்த மூவுக்கு சிவப்பே வரல, கொஞ்சூண்டு பாயிண்ட்தான் குறையுது, அதனால யாரும் கவனிக்கல. அவ நோட்டுல எழுதினதாலதான் கண்ணுக்குப் பட்டுச்சு.

2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல குகேஷ் ஜெயிச்ச கடைசி கேம் ஞாபகம் இருக்கும். எதிர்ல ஆடின டிங் லிரென் 55வது மூவ்ல ரூக்கை (யானையை) எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினதும் வீட்ல பாத்த நமக்கெல்லாம் அது தப்புன்னு இன்ஜின் கத்திக் காட்டிடுச்சு. குகேஷ் முன்னாடி அது எதுவும் இல்ல. ரூக்கையும் பிஷப்பையும் (மந்திரியையும்) வெட்டி மாத்திட்டா மிச்சம் இருக்கற ராஜா-சிப்பாய் எண்ட்கேம் தனக்கு ஜெயிக்கற நிலைமைதான்னு அவரே கணக்குப் போட்டுப் பாக்கணும். சின்ன வயசுல அவருக்கு கோச்சா இருந்த விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500 பக்கம் வர்ற வரைக்கும் இன்ஜின் பக்கமே அவரை விடலங்கறது பல பேட்டிகள்ல வந்த விஷயம்தான்.

இது புதுசும் இல்ல. அந்த நாள் சோவியத் உலக சாம்பியன் போட்வின்னிக், ஒருத்தர் தன் கேமை தானே அலசி அச்சுல போடணும், மத்தவங்க குத்தம் கண்டுபிடிக்கட்டும்னு அந்தக் காலத்துலயே சொன்னவர். 1960ல இன்னொரு சோவியத் வீரர் தால் கிட்ட உலக பட்டத்தை விட்டாரு, அந்த கேம்களை உக்காந்து அலசி அடுத்த வருஷமே 13-8னு திருப்பி எடுத்தாரு, அதுவும் 49 வயசுல!

போட்டி நடத்தறவங்க கிட்ட ஒரு வேண்டுகோள். ஹாலுக்கு வெளிய ஒரு மூலையில நாலு போர்டு போட்டு வைங்க, ஆடின ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்து உக்காந்து பேசட்டும், எதிராளி எதுக்குப் பயந்தான்னு கேட்டாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். பெத்தவங்க அன்னிக்கு ராத்திரி வரைக்கும் போனை எடுக்காம இருந்தா போதும், பிள்ளை எழுதி முடிச்சப்புறம் இன்ஜினைப் போட்டு ஒத்துப் பாக்கலாம்.

உங்க பேப்பர்லயும் வாரம் ஒரு கேம், ஜெயிச்சதா தோத்ததான்னு பாக்காம, ஆடின பிள்ளையே எழுதின விளக்கத்தோட போட்டா ரொம்ப உதவியா இருக்கும். பெரிய பிளேயர் கேம்தான் வேணும்னு இல்லங்க, 1200 ரேட்டிங்ல இப்பதான் வளர்ற பிள்ளையோட கேமே போதும்.

இப்படிக்கு,
ஒரு செஸ் ஆர்வலர், சென்னை